வேறு செயினுக்குப் போன டெதர்: பன்னிரண்டு சொற்களை யாருக்கும் கொடுக்காதீர்கள்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: துபாயிலுள்ள தம்பி 300 டெதர் (டொலருக்கு ஈடாக வைக்கப்பட்ட மெய்நிகர் நாணயம்) அனுப்பினார், இவர் கொடுத்தது தம் வொலட்டின், அதாவது மெய்நிகர் நாணயப் பணப்பைச் செயலியின், எதீரிய செயின் முகவரி (செயின் என்பது பரிவர்த்தனைகளைப் பதியும் இணையப் பேரேடு), கட்டணம் குறைவென்று தம்பி அதை பிஎன்பி என்ற வேறு செயினில் அனுப்பிவிட்டார், வொலட்டில் ஒன்றும் காட்டவில்லை. டவுனில் ஒருவர் 15,000 ரூபாவுக்கு மீட்டுத் தருவதாகக் கூறி, வொலட்டைத் திறக்கும் பன்னிரண்டு இரகசியச் சொற்களையும் கேட்கிறாராம்.

சகோதரி, அந்தச் சொற்களை அவரிடம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வொலட் அவருடையது.

தோட்டத்தின் மேற்பிரிவில் எடை போட்ட கொழுந்தைக் கீழ்ப்பிரிவுச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) தேடினால் உங்கள் பெயருக்கு நேரே ஒரு கிலோவும் இராது. எதீரியமும் பிஎன்பியும் அப்படி இரண்டு செக்ரோல்கள். ஒன்றில் பதிந்தது மற்றதற்குத் தெரியாது. ஆனால் இரண்டிலும் முகவரி ஒரே அமைப்பிலான 42 எழுத்துகள் என்பதாலும், அதன் திறவுகோல் உங்கள் பன்னிரண்டு சொற்களிலிருந்தே உருவாவதாலும், தம்பி அனுப்பியது அதே முகவரியில் பிஎன்பி பக்கம் கிடக்கிறது. வொலட்டில் நெட்வேர்க்கை, அதாவது செயினை, பிஎன்பிக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் தெரியும். அங்கிருந்து அதை நகர்த்தக் கட்டணமாக, அந்தச் செயினின் சொந்த நாணயமான பிஎன்பி சிறிதளவு வேண்டும். அதைத் தம்பியே அனுப்பலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். நீங்கள் கொடுத்தது, மெய்நிகர் நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்று நிலையம் ஒன்று உங்களுக்கு ஒதுக்கிய வைப்பு முகவரி என்றால், திறவுகோல் உங்களிடம் இல்லை, அவர்களிடமே இருக்கிறது. கணக்குத் திறந்தபோது பன்னிரண்டு சொற்கள் தரப்படாமல், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் அந்த வகைதான். அப்போது பரிவர்த்தனை எண்ணோடு அந்த நிலையத்தின் செயலிக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும்; சிலர் கட்டணம் வாங்கித் திருப்புவார்கள், சிலர் கைவிரிப்பார்கள். டெலிகிராமில் தாமாக வந்து "உதவி மையம்" என்பவர் எவரும் அவர்களுடைய ஆள் அல்லர்.

கிடைத்ததை எதீரியத்துக்குக் கொண்டுபோகப் பாலம் எதையும் தேட வேண்டாம். பாலம் என்பது இங்குள்ள காசைப் பூட்டிவைத்து அங்கே ஈடான டோக்கன் வழங்கும் ஏற்பாடு. பூட்டிய பெட்டி உடைந்தால் கையிலுள்ள டோக்கன் வெறும் துண்டுதான். 2022 மார்ச்சில் ரொனின் என்ற பாலத்தின் ஒன்பது கையொப்பத் திறவுகோல்களில் ஐந்து திருடர் கைக்குப் போக, 60 கோடி டொலருக்கு மேல் பறிபோனது.

மெய்நிகர் நாணயச் சேவைக்கு எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என இலங்கை மத்திய வங்கி பலமுறை அறிவித்தது. 2021ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி வங்கி அட்டைகளையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. எச்சரித்ததோடு கடமை முடிந்ததென்று மேலிடம் இருந்துவிட, வழி தெரியாத சனம் டவுன் தரகரிடம்தான் போய் நிற்கிறது.

அடுத்த முறை செயினின் பெயரைத் தம்பிக்கு எழுதி அனுப்புங்கள். முதலில் 5 டெதர் மட்டும் அனுப்பி, அது வந்து சேர்ந்ததென்று நீங்கள் சொன்ன பிறகே அவர் மீதியை அனுப்பட்டும்.