வால்வு வெளியீடு கொண்ட டி.ஏ.சி.யின் ஒலி மேம்பட வால்வை மாற்றினால் போதுமா?

கேள்வி: வால்வு வெளியீடு கொண்ட டி.ஏ.சி. (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிபயருக்கான ஒலி மின்னலையாக மாற்றும் பெட்டி) ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கியிருக்கிறேன். உள்ளே 12ஏயூ7 என்ற வகை வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) இருக்கின்றன. நல்ல வால்வாக வாங்கிப் போட்டால் ஒலி மேம்படுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வால்வை மாற்றும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை மின்வழங்கல், எர்த், வெளியீட்டுக் கப்பாசிட்டர் ஆகிய மூன்றும்தான். இதை நான் வரிசை மாற்றிச் செய்து, இரண்டு ஜோடி வால்வுகளுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். காதுகுத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் அவர் தூக்கிச் சென்ற வால்வு ஆம்ப்ளிபயரின் சூட்டு வாசனையோடு வளர்ந்ததால், பழையதாக விலைக்கு வந்த ஒரு வால்வு டி.ஏ.சி.யைப் பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு 12ஏயூ7. அதன் ஒரு பாதி ஒலியைப் பெருக்குகிறது, மறுபாதி காத்தோடு பாலோயராக, அதாவது ஒலியைப் பெருக்காமல் அதற்கு வலு மட்டும் சேர்ப்பதாக நின்று, ஆம்ப்ளிபயருக்கு ஒலியைக் கொடுக்கிறது. வால்வுகளுக்கான மின்வழங்கல் 220 வோல்ட் டி.சி.

பாட்டு ஓடாத நேரத்தில் ஸ்பீக்கரில் ஹம் என்னும் மெல்லிய ரீங்காரம் கேட்டது. வால்வு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, வால்வை மாற்றினேன்; பிறகு மறுபடியும் மாற்றினேன்; ஹம் அப்படியே இருந்தது. அது என்னவென்று பிடித்துச் சொன்னவன், பாட்டுப் படிக்கும் என் மகன். அவன் பாடுவது ஒரு கட்டைச் சுருதியில். சாதகம் செய்வதற்காகத் தம்புரா ஒலிப்பதிவை இந்தப் பெட்டி வழியாக ஓடவிட்டிருந்தவன், "அப்பா, மந்தர பஞ்சமம் கொஞ்சம் கூடி நிக்குதுப்பா" என்றான். பதிவை அவன் கைப்பேசியிலேயே கேட்டால் பஞ்சமம் சரியாக இருந்தது. ஒரு கட்டைச் சுருதிக்கு மந்தர பஞ்சமத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை முழு அலையாகத் திருத்தி டி.சி.யாக மாற்றும்போது அதில் எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். தம்புராவின் முதல் தந்திக்குப் பக்கத்திலேயே, அதைவிடச் சற்று உயர்ந்து, என் பெட்டியின் மின்வழங்கலும் சேர்ந்து மீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தம்புராவை நிம்மதியாகக் கேட்க என்னால் முடியவில்லை.

ஆகவே, உங்கள் பெட்டியிலும் ஹம் இருந்தால் முதலில் அது 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்று போதும். 100 என்றால் பெரும்பாலும் மின்வழங்கலின் வடிகட்டிதான் காரணம். 50 என்றால் எர்த், கேபிள், அல்லது ஏ.சி. மின்சாரத்தில் எரியும் ஹீட்டர் (வால்வுக்குள் இருக்கும் சூடாக்கும் இழை) ஆகியவற்றில் தேட வேண்டும்.

மூடியைத் திறந்தபோது, வால்வுக்கு விரற்கடை தூரத்தில் நின்ற, மின்வழங்கலை வடிகட்டும் 47 மைக்ரோபாரட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது இவ்வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு; சித்திரை வெயிலில், காற்று புகாத அலமாரியில், எரியும் வால்வுக்குப் பக்கத்தில் 85 டிகிரிக் கப்பாசிட்டர் வேறு எப்படி ஆகும்? டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 105 டிகிரி, 400 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோபாரட் கப்பாசிட்டர்கள் இரண்டை வாங்கி, ஒன்றைப் பழையதன் இடத்தில் வைத்தேன். அதை அடுத்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்து, அதற்குப் பின் மற்றொன்றைப் பொருத்தினேன். 100 ஹெர்ட்ஸில் 100 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் காட்டும் தடை (மறுப்பு) சுமார் 16 ஓம் என்பதால், இந்த ஒரு ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்து எஞ்சிய அலைவை ஏறத்தாழ 60இல் ஒரு பங்காக்கிவிடும். 20 மில்லி ஆம்பியர் ஓடும் இடத்தில் இதற்கு நாம் இழப்பது 20 வோல்ட்தான். அதிகச் செலவில்லாத இந்த மாற்றத்துக்கு ஈடாக நான் செய்த வேறெதையும் சொல்ல மாட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் உறையிட்ட கம்பியைப் பற்றவைத்து, அதைக் கொண்டு சில நொடிகள் இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால், பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

100 ஹெர்ட்ஸ் போன பிறகு, அதுவரை மறைந்திருந்த 50 ஹெர்ட்ஸ் வெளியே வந்தது. மடிக்கணினியின் அடாப்டரைப் பிடுங்கினால் அது நின்றது. அடாப்டரின் சிறு கசிவு மின்னோட்டம், வீட்டு எர்த் பலவீனமாக இருக்கும்போது யு.எஸ்.பி. கேபிள் வழியாகவும் ஆம்ப்ளிபயருக்குப் போகும் கேபிளின் கவசம் வழியாகவும் வழி தேடிக்கொள்கிறது. எங்கள் பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடப்பது வழக்கம். குழியில் தண்ணீர் ஊற்றியதுமே ஹம் குறைந்தது. முழுதாகப் போனது, யு.எஸ்.பி.க்குப் பதில் ஆப்டிகல் கேபிளில் இணைத்தபோதுதான், ஏனெனில் ஒளிக் கேபிளில் மின்சாரம் கடக்க வழியே இல்லை.

அடுத்தது வெளியீட்டுக் கப்பாசிட்டர். வால்வின் டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் வெளியே விடும் இது, ஆம்ப்ளிபயரின் உள்ளீட்டு மின்தடையோடு சேர்ந்து, கீழ்ஸ்தாயி எங்கே தேயத் தொடங்கும் என்பதை முடிவு செய்கிறது. என் பெட்டியில் இருந்தது 0.22 மைக்ரோபாரட், என் ஆம்ப்ளிபயரின் உள்ளீடு 10 கிலோஓம். கணக்குப் போட்டால் 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போது அடி வயிறு இல்லாமல் மேலோட்டமாகக் கேட்டதற்கு அதுவே காரணம். 2.2 மைக்ரோபாரட் பாலிபுரோப்பிலின் கப்பாசிட்டர் போட்டதும் அந்த எல்லை 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரப் பதிவில் தவிலின் இடந்தலை அன்றுதான் என் அறைக்குள் வந்தது. உங்கள் ஆம்ப்ளிபயரின் உள்ளீடு 47 கிலோஓம் என்றால், 1 மைக்ரோபாரட்டே தாராளம். வால்வுகள் சூடேறும் வரை சுமை இல்லாததால் மின்வழங்கல் 220ஐத் தாண்டி ஏறும். ஆகவே 400 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

இனி வால்வுக்கு வருவோம். ஈ.சி.சி.82 என்று அச்சிட்டிருப்பதும் 12ஏயூ7தான். அதைத் தயங்காமல் போடலாம். 12ஏஎக்ஸ்7 என்ற வால்வும் அதே சாக்கெட்டில் பொருந்தும், ஆனால் அதன் பெருக்கக் காரணி 100, இதனுடையது ஏறத்தாழ 20. மின்சுற்றை மாற்றாமல் அதைச் செருகுவது சரியல்ல. 6டிஜே8 என்ற வால்வைச் செருகவே கூடாது: 12.6 வோல்ட் ஹீட்டருக்குக் கம்பி போட்ட சாக்கெட்டில் அதன் 6.3 வோல்ட் ஹீட்டர் எரிந்துவிடும்.

இரண்டு வால்வுகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாமல் முடிவுக்கு வராதீர்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகவே காதுக்குப் படும். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டின் வெளியீட்டையும் நூற்றுக்கு ஒன்று வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து கேளுங்கள். அப்படிக் கேட்டபோது, முன்பு நான் வாங்கிய இரண்டு ஜோடிகளுக்கும் பெட்டியோடு வந்த ஜோடிக்கும் இடையே நான் நம்பியிருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இல்லாமல் போனது. இப்போது எரிவது பெட்டியோடு வந்த வால்வுகள்தான்.

உங்கள் பெட்டியின் வெளியீட்டுக் கப்பாசிட்டர் மதிப்பையும், ஆம்ப்ளிபயரின் உள்ளீட்டு மின்தடையையும், ஹம் 50ஆ 100ஆ என்பதையும் பார்த்து எழுதுங்கள். எதை முதலில் மாற்றலாம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.