அப்பத்தா கேட்ட கேள்வியும் மம்மி மூக்குல இருந்த மிளகும்

அண்ணே வணக்கம். போன வாரம் கிளியோபாட்ரா பத்தி எழுதியிருந்தீங்கள்ல, அவங்க காலத்துக்கு பிரமிட் கட்டினதவிட மனுஷன் நிலாவுல கால் வச்சதுதான் கிட்டன்னு, அத எங்க அப்பத்தாவுக்கு படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு "எகிப்துக்காரி எப்ப செத்தா நமக்கென்னப்பு, நம்ம வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையான்னு கேளு"ன்னுட்டாங்க. செட்டிநாட்டுப் பக்கம் அப்படி எதாவது இருக்காண்ணே?

ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி,

அப்பத்தா ரொம்ப நியாயமாத்தான் கேட்டிருக்காங்க, ரெண்டு நாளா எனக்கு அதே யோசனைதான். போன வாரம் படிக்காதவங்களுக்காக அந்தக் கணக்க மட்டும் சொல்லிடுறேன். கீசால பெரிய பிரமிட் கட்டினது கி.மு. 2560 வாக்குல, கிளியோபாட்ரா செத்தது கி.மு. 30, நிலாவுல எறங்கினது 1969. அந்தப்பக்கம் 2500 வருஷம், இந்தப்பக்கம் 2000 வருஷம்.

ஆனா எகிப்துக்கும் உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் சம்பந்தம் இருக்குன்னு அப்பத்தாகிட்ட சொல்லுங்க. ரெண்டாம் ராம்செஸ்னு ஒரு ராஜா, கி.மு. 1213ல செத்தாரு, பதப்படுத்தி வச்ச அவரு ஒடம்ப, அதான் மம்மிய, ஆராய்ச்சி பண்ணி பாத்தப்ப மூக்குக்குள்ள மிளகு இருந்துச்சு. மிளகுக்கு சொந்த ஊரு நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைப்பக்கம். அந்த நாலு மிளகு எத்தன கை மாறி எத்தன கடல் தாண்டி அங்க போச்சோ, நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது. சங்க காலத்துல மிளகுக்கு கறின்னும் பேரு உண்டு, அகநானூறு 149வது பாட்டுல யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பல் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்"னு வருது பாருங்க, தங்கத்தக் குடுத்துட்டு மிளக ஏத்திட்டுப் போனாங்க.

இப்ப சொல்லப்போறதுதான் பெரிய விஷயம், அப்பத்தாவ உக்கார வச்சு சொல்லுங்க. மிளகா நம்ம ஊர்ச் செடியே இல்ல. அமெரிக்கா கண்டத்துல இருந்து போர்ச்சுகீசியர் மூலமா 16ஆம் நூற்றாண்டுல வந்து சேந்தது. பாரிக்கு மிளகா தெரியாது, ராஜராஜ சோழனுக்குத் தெரியாது, கம்பருக்கும் தெரியாது. தக்காளி, உருளைக்கிழங்கும் அதே வழிதான். காரம்னா அதுவரைக்கும் மிளகு, திப்பிலி, சுக்கு, கடுகுதான். கொலம்பஸ் 1492ல கெளம்பினதே இந்தப் பக்கத்து மிளகு மாதிரி சரக்குக்கு வழி தேடித்தான், போன எடத்துல மிளகாயப் பாத்துட்டு அதையும் மிளகு பேர்லயே கூப்பிட்டாரு, இங்க நம்ம ஆளுங்களும் மிளகு கூட காயச் சேத்து மிளகாய்னு பேரு வச்சுட்டாங்க. ரெண்டு கண்டத்துலயும் ஒரே மாதிரி தோணியிருக்கு! பழைய ருசி வேணும்னா அழகர்கோயில் தோசை சாப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க, கறுப்பு உளுந்தும் மிளகும்தான். அதுக்காக மிளகாய அந்நியம்னு சொல்ல எனக்கு மனசு வராது, ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சாச்சு.

எங்க வீட்டு வளவுல (நடு முத்தத்துல) அம்மா வத்தல் காயப்போட்டா நாங்க எல்லாரும் தும்மிக்கிட்டே முகப்புக்கு ஓடுவோம், ஆனா மைனாவும் சின்னான் குருவியும் நிதானமா வந்து, ஒடஞ்ச வத்தல்ல இருந்து வெதைய ஒண்ணொண்ணா கொத்தும். சின்ன வயசுல அது எப்படின்னே எனக்குப் புரியாது. காரணம் பின்னாடிதான் தெரிஞ்சுது. நம்ம ஒடம்புல சூட்ட உணர்ற ஒரு உணர்வி இருக்கு, 43 டிகிரிக்கு மேல போனா சுடுதுன்னு மூளைக்கு சொல்லும், மிளகாயில இருக்கிற கேப்சைசின் அதே உணர்விய தட்டிவிடுது. அதான் வாய் நெசமாவே எரியுதுன்னு மூளை நம்பிடுது. இதக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல மருத்துவ நோபல் பரிசுல பங்கு கெடச்சுது. பறவைங்களுக்கு அந்த உணர்வி கேப்சைசினுக்கு அசையறதில்ல. எலி, அணில் மாதிரி பல்லால அரைக்கிற பிராணி தின்னா வெதை செத்துரும், பறவை முழுங்கினா வெதை முழுசா வெளிய வந்து வேற எடத்துல மொளைக்கும். எங்க கெணத்தடில யாரும் நடாமலே மிளகாச்செடி வரும், பாட்டி "கிளி போட்ட செடி"ம்பாங்க, கிளியோ சின்னானோ, பறவை போட்டதுங்கிறது அவ்ளோ சரி! அப்புறம் காரம் தூக்கினா தண்ணி குடிக்காதன்னு மோரக் குடுப்பாங்கள்ல, அதுவும் சரிதான், கேப்சைசின் தண்ணில கரையாது, பால் மோர்ல அடங்கும்.

 

பறவைன்னதும் கொள்ளுக்குடிப்பட்டிய சொல்லாம விட முடியல. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977ல அறிவிச்சது. அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடறதில்ல, கல்யாணம் திருவிழாவுக்கும் இல்ல, கண்மாய்ல கூடு கட்டியிருக்கிற பறவைங்க பயந்துரும்னு. பட்டாசுக்கு அழற வயசுப் பிள்ளைங்ககூட கேக்காம இருக்குதுங்களே தம்பி. அங்க நத்தைகுத்தி நாரை வரும், அலக மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும், நத்தைய லாவகமா புடிக்க அதுதான் தோது. மார்கழில அப்பத்தாவ ஒருநாள் கூட்டிட்டுப் போங்க, வெயிலுக்கு முன்னாடி காலைலயே போயிடுங்க, அந்த அலகுச் சந்த அவங்க கண்ணால பாக்கட்டும்.