"நாங்களே விசாரிக்கிறோம்" என்று பள்ளி சொன்னால் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விளையாட்டு ஆசிரியர் பயிற்சியின்போது தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று அழுதுகொண்டே சொன்னாள். தலைமையாசிரியரோ, "கமிட்டி போட்டு நாங்களே விசாரிக்கிறோம். போலீசுக்குப் போனால் உங்கள் பெண் பெயர்தான் கெடும்" என்கிறார். டி.சி. வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: சகோதரி, குழந்தை சொன்னதை நம்பினீர்களே, பாதி பாரம் அதிலேயே இறங்கியிருக்கும் அவளுக்கு.

காத்திருக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்பதற்கு அதில் இடமே இல்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்பது காவல்துறையின் வேலை, அதன்பின் நீதிமன்றத்தின் வேலை. தன்கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விடும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இதைத் தலைமையாசிரியருக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள்.

டி.சி. வாங்கினால் உங்கள் மகள் அங்கிருந்து வந்துவிடுவாள். அதே மைதானத்தில் நிற்கும் மற்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஊழியரே செய்தால் சட்டம் அதைக் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது: 5 முதல் 7 ஆண்டு சிறை. நாளைக்கே யாராவது சமரசம் பேச வருவார்கள். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீதான வழக்கை, குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது.

பெயர் கெடும் என்ற பயம் வேண்டாம். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்துக்கு அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. கூடுமானவரை பெண் எஸ்.ஐ. சீருடை இல்லாமல் உங்கள் வீட்டுக்கே வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எழுதிக்கொள்வார்.

இனிமேல் நீங்களும் அவளைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். அதன் நகல் இலவசம். குழந்தைகள் நலக் குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள் போலீசே தெரிவிக்க வேண்டும். போலீஸ் தயங்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள், எஸ்.பி.க்குத் தபாலில் மனு அனுப்புங்கள். வக்கீல் செலவை நினைத்து நிற்காதீர்கள்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.