வேலையை விடாமல் பொறியியல்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 36 வயது. தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன்; கொஞ்சம் வயலும் உண்டு. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, வெட்டுப்புள்ளிதான் எட்டவில்லை. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறதே, அங்கே மாலை வகுப்பாகவோ வார இறுதியிலோ படிக்க வழி உண்டா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பீடம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளிப்படி தெரிந்தனுப்பும் முழுநேர மாணவருக்கானது. தினமும் அந்தப் படலையைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பொருந்துவது கொழும்பை அடுத்த நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம். மூன்று பாடச் சித்தி இருப்பதால் அடிப்படைத் தகைமை பற்றிக் கவலை வேண்டாம். மொழிமூலம் ஆங்கிலம். பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், பொறியியல் ஆய்வுகூட வகுப்புகளுக்குப் பெரும்பாலும் நாவலைக்கே போகவேண்டி வரும்.

விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு கணக்குப் போடுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் 50 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஒப்படை, வீட்டுப் படிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். முழுநேர மாணவர்போல வருடம் 30 கிரெடிட் எடுத்தால் 1500 மணி, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி. அலுவலகமும் வயலும் வைத்துக்கொண்டு அது நடக்காது. 20 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 19 மணி, ஆறு வருடம். 15 என்றால் வாரத்துக்கு பதினாலரை மணி, எட்டு வருடம். எட்டு வருடமா என்று மலைக்க வேண்டாம். நான்கு வருடத்தில் முடிப்பேன் என்று பதிந்து, இரண்டாம் வருடத்தில் விட்டுப்போகிறவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள். எங்கள் யோசனை: முதல் வருடம் 15க்கு மேலே போகாதீர்கள்.

ஆட்களை விழுத்துவது இறுதிப் பரீட்சை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் ஒப்படைகள், தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகள், ஆய்வுகூட வேலை எல்லாம் சேர்ந்து ஒரு குறைந்தபட்ச அளவை எட்டினால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். எட்டாவிட்டால் அந்தப் பாடத்துக்குத் திரும்பக் காசு கட்டிப் பதியவேண்டும். ஒப்படையில் நல்ல புள்ளி எடுத்தவர்கூட ஆய்வுகூட நாளைத் தவறவிட்டால் மாட்டிக்கொள்வார். ஆகவே நாட்குறிப்பில் முதலில் ஏற வேண்டியவை ஆய்வுகூடத் திகதிகள்தான். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 330 கிலோமீற்றர் அளவில். சனி காலை வகுப்பென்றால் வெள்ளி இரவே வண்டி ஏறவேண்டும். அரச ஊழியருக்கு வருடத்துக்கு 45 நாள் லீவு உண்டு. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீடுகளுக்கும் பிரிக்கும் முன்னர் பரீட்சைக்கும் ஆய்வுகூடத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். காலபோக விதைப்பும் அறுவடையும் வரும் மாதங்களில் எந்த ஒப்படை விழுகிறது என்று பார்த்து, அதை இரண்டு கிழமை முன்னதாகவே முடித்து வையுங்கள்.

கேள்வி: நான் மின் இணைப்பு வேலை செய்கிறேன். என்.வி.கியூ (தேசிய தொழிற்றகைமை) 4 இருக்கிறது, உயர்தரம் எடுக்கவில்லை. எனக்கும் பட்டம் கிடைக்குமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: கிடைக்கும், படிப்படியாக. 4இலிருந்து நேரே பட்டத்துக்குப் பாய முடியாது. 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். அறிவியல்நகரில் உள்ள இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின் துறை டிப்ளோமாவைக் கேட்டுப் பாருங்கள். மேலே போக, இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம்) உங்களைப்போலத் தொழிற்றகைமை வழியாக வருபவர்களை நோக்கியே அமைக்கப்பட்டது.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். தொழில்நுட்பப் பட்டமும் பொறியியல் சிறப்புப் பட்டமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் மட்ட எண்கள் வேறு: என்.வி.கியூ 7, மேலே சொன்ன இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டத்தில் நிற்கிறது. சிறப்புப் பட்டம் அதே சட்டகத்தில் 6ஆம் மட்டம். பட்டயப் பொறியியலாளராக வர விரும்பினால், வாஷிங்டன் உடன்படிக்கையின் (பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஏற்பாடு) கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டமா என்று பாருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் அதில் முழு உறுப்பானது. உங்களுக்குத் தேவை சொந்த ஒப்பந்த வேலையும் மேற்பார்வையாளர் பதவியும் மட்டுமென்றால், என்.வி.கியூ 5ஆம் மட்ட டிப்ளோமாவோடு நிறுத்துவதிலும் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: நான் படவரைஞராக இருக்கிறேன், வயது 41. கணிதம் தொட்டு இருபது வருடத்துக்கு மேல். எதிலிருந்து தொடங்க?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பதிவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள், தங்கச்சி. பழைய உயர்தரப் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. வகையீடு, தொகையீடு, சிக்கலெண், தாயம், காவி ஆகிய ஐந்தும் கைவந்தால் முதல் வருடக் கணிதத்தில் மூழ்கமாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும், ஆனால் தாளில் முழுதாகச் செய்யவேண்டும். காணொளியைப் பார்த்துத் தலையாட்டினால் கை பழகாது. கணிதம் அட்சரகணிதத்தில்தான் உடைகிறது: பின்னத்தைச் சுருக்குவது, மறைக்குறி, சுட்டி. தொகையீடு விளங்கவில்லை என்று நினைப்பவருக்குப் பெரும்பாலும் விளங்காதது பின்னம்தான்.

வேலைத்தளத்தில் பழகியவர்கள் வழக்கமாக விடும் பிழை அலகுகளில். 300 மி.மீ அகலம், 450 மி.மீ உயரமுள்ள கொங்கிறீற் வளையை எடுங்கள். பரப்பின் இரண்டாம் திருப்பம் என்பது அகலத்தை உயரத்தின் கனத்தால் பெருக்கி 12ஆல் வகுப்பது: ஏறத்தாழ 2.28 × 10⁹ மி.மீ⁴. இதை மீற்றருக்கு மாற்றும்போது பழக்கதோசத்தில் 1000ஆல் வகுத்துவிடுவார்கள். வகுக்கவேண்டியது 10¹²ஆல், ஏனென்றால் நீளம் நான்கு முறை பெருக்கப்பட்டிருக்கிறது. விடை 2.28 × 10⁻³ மீ⁴. மில்லிமீற்றரிலேயே நின்று, விசையை நியூட்டனில் வைத்தால் தகைப்பு நேரே மெகாபாஸ்கலாக வரும்; ஒரு நியூட்டன்/மி.மீ² ஒரு மெகாபாஸ்கல். படவரைஞருக்கு இதுதான் இயல்பான வழி.

ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு தேடி அலையவேண்டாம். ஒவ்வொரு பாடப் புத்தகத்திலும் முப்பது நாற்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் தமிழ்க் கலைச்சொல்லோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வினாத்தாளில் நிறுவு, பெறு, மதிப்பிடு, ஒப்பிடு என்று வரும் ஆங்கில வினைச்சொற்களைப் பிரித்தறியாமல் புள்ளி இழப்பவர்கள் நிறையப் பேர். அவற்றையும் அதே கொப்பியில் சேருங்கள்.

கேள்வி: இந்த வயதில் பட்டம் எடுத்தால் பதவி உயர்வு கிடைக்குமா?
— வாசகர், வவுனியா

பதில்: உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பு (ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகள் உள்ள ஆவணம்) என்ன சொல்கிறதோ அதுதான் விடை. வர்த்தமானியில் வந்த பிரதியை எடுத்து, எந்தப் பட்டம், எத்தனை வருடச் சேவை, வயதெல்லை உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். சக ஊழியர் சொல்வதை நம்பிக் காசு கட்டாதீர்கள். இன்னொன்று: 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டப்படி பொறியியல் தொழில் செய்வதற்குப் பதிவு வேண்டும். டிப்ளோமாவும் பட்டமும் வெவ்வேறு வகையில் பதியப்படும். முன்பு எடுத்த டிப்ளோமா இருந்தால், சில பாடங்களுக்கு விலக்களிப்புக் கேட்கலாம். அதற்குச் சான்றிதழ் மட்டும் போதாது, அப்போதைய பாடத்திட்டத்தின் உறுதிப்படுத்திய பிரதியும் வேண்டும். படித்த நிறுவனத்துக்கு இந்தக் கிழமையே கடிதம் போடுங்கள். பழைய கோப்புத் தேடி எடுத்துத் தர அவர்களுக்கு மாதக்கணக்காகலாம்.