மாதம் 10, 15 பக்கம் அச்சிட எந்த வைஃபை பிரிண்டர் வாங்கலாம்?

உங்கள் கேள்வி இது: மாதம் பத்துப் பதினைந்து பக்கம்தான், கைபேசியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் வயர் இல்லாமல் அச்சாக வேண்டும், 200 சிங்கப்பூர் வெள்ளிக்குள் இருக்க வேண்டும், கலர் இருந்தால் நல்லது.

கலரை விட்டுவிடுங்கள். வைஃபை உள்ள கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். பதில் அவ்வளவுதான். ஏன் என்பதும், வாங்கிய பிறகு எது எங்கே மக்கர் பண்ணும் என்பதும்தான் கீழே இருப்பது.

உங்கள் வீட்டைப் பற்றி ஒரு ஊகம் வைத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நான்கறை வீடு, தொடக்கநிலையில் ஒரு பிள்ளை, துணைப்பாட ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சித்தாள், எப்போதாவது ஓசிஐ (இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை) விண்ணப்பமோ வாடகை ஒப்பந்தமோ. ஊகம் தப்பாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

எப்போதாவது அச்சிடுகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு எவ்வளவு செலவு என்பதை அல்ல. இரண்டு அச்சுக்கு நடுவே பிரிண்டர் சும்மா கிடக்கும் மூன்று வாரத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான். இங்க்ஜெட்டில் இருப்பது திரவ மை. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக அது தெறிக்கிறது. ஓடாமல் கிடந்தால் துளையின் வாயில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பிரிண்டர் அவ்வப்போது தானாகவே மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது. நீங்கள் ஒரு பக்கமும் அச்சிடாத மாதத்திலும் மை குறைவது இதனால்தான். லேசரில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் என்பதோ நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அதில் காய்வதற்கு ஒன்றுமில்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்பினாலும் முதல் பக்கமே சுத்தமாக வரும்.

இங்க்ஜெட்காரர்களை இன்னும் வேகமாகக் கெடுப்பது நம்மூர் வழக்கம் ஒன்று. இங்கே சுவர் பிளக் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் உண்டு, மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிடுகிறோம். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி அணைத்தால்தான் மைத்தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். வேலை நடுவில் சுவரில் வெட்டினால் மூடாமல் திறந்தபடி நின்றுவிடும். மறுநாள் மின்சாரம் கொடுத்ததும் பல மாடல்கள் சுத்திகரிப்பு ஓட்டத்தைத் தொடங்கி மையைக் குடிக்கும். ஆக இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் சுவர் சுவிட்சைத் தொடவே கூடாது. உறக்க நிலையில் அது எடுக்கும் மின்சாரம் ஓரிரண்டு வாட்தான்.

விலைக்கு வருவோம். 60, 80 வெள்ளிக்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்தான் கடையில் முதலில் கண்ணில் படும். அதில் மூன்று வண்ணமும் ஒரே பெட்டியில் இருக்கும். மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் முழுப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டும். கறுப்பும் கலரும் ஒருமுறை மாற்றினால் பிரிண்டர் விலையை எட்டிப் பிடித்துவிடும். பாட்டிலிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் வகையில் மை மலிவு என்பது உண்மைதான். எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லி பாட்டிலுக்கு 4,500 பக்கம் கணக்கு சொல்கிறார்கள். உங்களுக்கு ஆண்டுக்கு 150, 180 பக்கம். 4,500 பக்கத்தை எட்டுவதற்குள் பிள்ளை பல்கலைக்கழகத்தையே முடித்திருக்கும். தினமும் பத்துப் பக்கம் கலரில் அடிக்கிற வீட்டுக்கு இங்க் டேங்க் தங்கம், அதை நான் குறை சொல்லவில்லை. 'எங்கள் வீட்டில் நான்கு ஆண்டாக நன்றாக ஓடுகிறது' என்று யாராவது சொன்னால் அவர்கள் வாராவாரம் அச்சிடுகிறார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வைஃபை உள்ள அடிப்படை லேசர் இங்கே சுமார் 150 முதல் 230 வெள்ளி வரை போகிறது. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்ந்த விலைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் டோனர் பெரும்பாலும் முழு அளவு அல்ல. பிரதர் எச்எல்-1210டபிள்யூவில் அது 700 பக்கம், பிறகு வாங்கும் டிஎன்-1000 (TN-1000) டோனர் ஆயிரம் பக்கம். மாதம் 15 பக்கம் என்றால் பெட்டியில் வந்த அந்த அரைகுறை டோனரே மூன்றரை ஆண்டுக்கு மேல் வரும். இந்தப் பக்கக் கணக்கெல்லாம் தாளில் 5 விழுக்காடு மட்டும் கறுப்பாகும் என்று வைத்துப் போட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

மாடல் பெயரின் கடைசி எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'டபிள்யூ' (W) என்றால் வைஃபை. 'என்' (N) என்றால் கம்பி வழி நெட்வொர்க், 'டி' (D) என்றால் தானாக இரண்டு பக்கமும் அச்சிடும். 'டிஎன்' (DN) என்று மட்டும் முடிந்தால் வைஃபை இல்லை. தள்ளுபடியில் கிடக்கிறதே என்று எடுத்து வந்து ஏமாறுபவர்கள் நிறைய. எச்பியில் எண்ணுக்குப் பின் சின்ன 'இ' (e) இருந்தால் கவனம், அது எச்பி+ திட்டத்துக்கான மாடல். அந்தத் திட்டத்தில் பதிவு செய்துவிட்டால் பிரிண்டர் எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும், அசல் எச்பி மை அல்லது டோனர் மட்டுமே போட வேண்டும். அமெரிக்காவிலிருந்து தருவிக்கும் மலிவுப் பெட்டியும் வேண்டாம். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. டோனர் எண்களும் நாட்டுக்கு நாடு வேறு.

ஐபோனுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா, இந்த இரண்டும் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுவனத்தின் செயலியே தேவைப்படாது, நிறுவனம் கைவிட்ட பிறகும் பிரிண்டர் ஓடும். பழைய பொருள் கைமாறும் கரோசல் தளத்தில் 40 வெள்ளிக்கு விற்கும் பழைய மாடல்களில் சில, இணையம் வழி அச்சிடும் கூகுள் கிளவுட் பிரிண்ட் சேவையை நம்பி இருந்தவை. அது 2020 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது. தனியாரிடம் பழையது வாங்கினால், குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டமும் கைகொடுக்காது. கடையில் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்.

ஸ்கேனர் சேர்ந்தது வேண்டுமா? 60, 70 வெள்ளி கூடும், மேசையில் இடமும் அடைக்கும். கைபேசி ஸ்கேன் போதும் என்பது என் கருத்து. புத்தகத்தை விரித்து வைத்து நகல் எடுக்கும் வீடு என்றால் வாங்குங்கள். தாள் தட்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன மாடல்களில் தாள் வெளியே திறந்த தட்டில் நிற்கும், கொஞ்சம் விலை கூடியவற்றில் மூடிய டிராயரில் படுத்திருக்கும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி. தாள் அதை உறிஞ்சுகிறது. லேசரின் சூட்டு உருளை ஏறத்தாழ 200 டிகிரி, ஈரத் தாள் அதற்குள் போனதும் ஆவி கிளம்பும், தாள் சுருளும், இரண்டு மூன்றாக ஒட்டிப் போய்ச் சிக்கும், எழுத்தை விரலால் தேய்த்தால் தூள் உதிரும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். திறந்த தட்டுள்ள மாடல் என்றால் 10, 15 தாள் மட்டும் வையுங்கள். மீதி 500 தாள் கட்டை அதன் உறையோடு ஜிப் பையில் போட்டு மூடுங்கள். 70 கிராம் தாளைவிட 80 கிராம் தாள் இந்த ஊரில் குறைவாகச் சுருளும்.

இனி வைஃபை. வரும் புகார்களில் பெரும்பான்மை இதைப் பற்றியதுதான்.

முதலில் இடம். புது வீவக வீடுகளில் பொருளறை என்று நாம் வைத்திருப்பது கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாம் ஷெல்டர். பிரிண்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் சிக்னல் போகாது. குண்டுக்கே கட்டிய சுவர், வைஃபைக்கு வழிவிடுமா? கூடத்தில் ரூட்டரைப் பார்த்தாற்போல வையுங்கள்.

அடுத்தது அலைவரிசை. இந்த விலையில் உள்ள பிரிண்டர்களில் அநேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. இணைய நிறுவனம் தரும் ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும், அமைக்கும் நேரத்தில் கைபேசி 5இல் நிற்கும், செயலி பிரிண்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். ரூட்டர் அமைப்பில் 5ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணையுங்கள், பிறகு திறந்துவிடலாம். ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2க்கு இறக்குங்கள். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைப் போடாதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. நிறுவனம் கொடுத்த ரூட்டருக்குப் பின்னால், வீடெங்கும் சிக்னல் பரப்பும் மெஷ் கருவி ஒன்றையும் சொந்தமாக மாட்டியிருந்தால், பிரிண்டர் ஒன்றிலும் மடிக்கணினி மற்றதிலும் போய்த் தனித்தனி உலகமாகிவிடும். மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் முறை) மாற்றினால் தீரும்.

இரண்டு வாரம் கழித்து 'ஆஃப்லைன்' என்று விண்டோஸ் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் பிரிண்டரின் ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் அதற்கு ரூட்டர் தரும் எண்) மாறியதுதான். ரூட்டரில் பிரிண்டருக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிறகு விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கி, விண்டோஸ் தானாகத் தேடிச் சேர்க்கும் 'டபிள்யூஎஸ்டி' வழியாக அல்லாமல், டிசிபி/ஐபி என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த முகவரியைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலக மடிக்கணினியில் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடினால் வீட்டுப் பிரிண்டர் தெரியாமல் போகலாம், அதற்கு ஒரு யுஎஸ்பி வயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் அது வருவதில்லை.

பராமரிப்பு சொற்பம். பிரதரில் தாள் முழுக்க நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்தால் டோனரைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மை வெளியே எடுத்து, மேலே உள்ள பச்சைப் பிடியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை தள்ளுங்கள். முடித்ததும் அம்புக்குறி உள்ள இடத்தில் அதைத் திருப்பி நிறுத்த வேண்டும். மறந்தால் கோடு இன்னும் கறுப்பாக வரும். டிரம்மை வெயிலில் வைக்காதீர்கள். டோனர் தூள் சிந்தினால் ஈரத் துணியில் ஒற்றி எடுங்கள், கையில் பட்டால் குளிர்ந்த நீர். வெந்நீர் தூளை ஒட்ட வைத்துவிடும், வீட்டு வேக்குவம் தூளை மறுபக்கம் ஊதிவிடும். லேசர் சூடாகும் நேரத்தில் மின்சாரம் நிறைய இழுக்கும், கெட்டில் சொருகியிருக்கும் நீட்டிப்புப் பலகையில் மாட்ட வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பயிற்சித்தாளை மேசையில் போட்டு, மஞ்சள் விளக்கில் நிழலோடு படம் பிடித்து, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடும் பெருமக்களே, அது தாள் அல்ல, சாம்பல் நிறச் சுவர். அதை அப்படியே அச்சிட்டால் 5 விழுக்காடு எங்கே போயிற்று, தாளில் பாதிக்கு மேல் டோனர். ஆயிரம் பக்க டோனர் நூறு இருநூறிலேயே மூச்சுவிடும். ஐபோனில் நோட்ஸ், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் இரண்டிலும் ஸ்கேன் உண்டு, கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தால் பின்னணி வெளுத்துவிடும். தமிழ்த் தாள்கள் இன்னும் மோசம். பின்னணியில் மயில், நான்கு பக்கமும் கோலக் கரை, நடுவில் நுணுக்கி எழுதிய கேள்வி. பிள்ளை 'ணகர' 'னகர' வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், எழுத்தே மயிலின் தோகைக்குள் ஒளிந்திருக்கிறது. தயாரிப்பவர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை, வீட்டில் அச்சிடுவார்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். உங்களுக்கு அப்படி வந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பின்னணியை வெளுக்க வைத்த பிறகே அச்சிடுங்கள். பிரிண்டர் அமைப்பில் டோனர் சேமிப்பையும் போட்டுவிடுங்கள், பயிற்சித்தாளுக்கு அது தாராளம்.

'15 பக்கத்துக்குப் பிரிண்டரே எதற்கு?' என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கடையில் பக்கத்துக்கு 20 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு 180 பக்கம், 36 வெள்ளி. 180 வெள்ளிப் பிரிண்டர் தன் விலையை எடுக்கவே ஐந்து ஆண்டு ஆகும், தாள் செலவு தனி. நூலகங்களிலும் அச்சிடலாம், பிராஸ் பசா காம்பிளெக்ஸ், சன்ஷைன் பிளாசா பக்கம் கலரும் நன்றாகப் போட்டுத் தருவார்கள். ஆக நீங்கள் கொடுக்கும் பணம் அச்சுக்கு அல்ல, ஞாயிற்றுக்கிழமை இரவு கடை தேடி அலையாமல் இருப்பதற்கு. அது உங்களுக்கு 180 வெள்ளி பெறும் என்றால் வாங்குங்கள். புகைப்படமும் பள்ளிச் செயல்திட்டத்துக்கான கலர்ப் பக்கமும் எப்போதாவது வரும்போது அவற்றைக் கடையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் பழைய இங்க்ஜெட் அடைத்துக்கொண்டு கிடக்கிறதா? புதியதைப் பெரிய கடையில் வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்லும்போதே பழையதை எடுத்துப் போகவும் கேளுங்கள். 2021 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி ஒன்றுக்கு ஒன்று இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.