நியூயார்க்கில் 200 டாலர் நன்கொடை: மாநிலச் சட்டம் பாயுமா?

அகதிகளுக்கென்று 200 டாலர் கொடுத்தீர்கள், பிறகுதான் அந்த அமைப்பின்மேல் பயங்கரவாதத் தொடர்புப் புகார் வந்தது, நியூயார்க் சட்டத்தில் மாட்டுவேனா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள் தம்பி. இரட்டைக் கோபுரம் விழுந்த 6 நாளில், 2001 செப்டம்பர் 17 அன்று வந்த சட்டம் அது. அவசரத்தில் வந்தாலும், பணம் பயங்கரவாதச் செயலுக்குப் பயன்படவேண்டும் என்ற நோக்கம் உங்களுக்கு இருந்ததை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். 1,000 டாலரைத் தாண்டினால் குற்றத்தின் தரம் ஏறும்.

நாடு முழுவதற்குமான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம்தான் கடுமை. அமெரிக்க அரசின் தடைப் பட்டியலில் உள்ள அமைப்பு என்று தெரிந்தே கொடுத்திருந்தால் போதும், 20 ஆண்டு வரை சிறை. புலிகளுக்கும் குர்து ஆயுத அமைப்பான பி.கே.கே.வுக்கும் அமைதி வழிக்கான ஆலோசனை தர விரும்பியவர்களையே 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. எனக்கு இன்றும் மனம் ஆறாத தீர்ப்பு.

ரசீது, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். வழக்கறிஞர் இல்லாமல் விசாரணைக்குப் போகாதீர்கள்.