செவிலியர் உதவியாளர் படிப்பில் சேர்க்கும் முன்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு முடித்த மகளை உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியின் ஓராண்டு செவிலியர் உதவியாளர் டிப்ளமோவில் சேர்க்கலாமா என்றும், பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய மகனுக்கு அங்கேயே ஏசி மெக்கானிக் படிப்பு ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டை நான் குறைவாக எண்ணுபவன் அல்லன். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் மதிப்பெண் குறைந்தவர்களையும் வெளியே நிறுத்தாமல், வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடத்தில் நேரடிப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் ஆகிய நான்கையும் ஓராண்டுக்குள் சேர்த்துக் கொடுப்பதே சென்னை முயற்சியின் சிறப்பு. ஆனால் அதே பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட எல்லா இடங்களிலும் அதே படிப்பு நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் வெள்ளை உடை அணிந்த பெண்ணின் படத்துக்கு மேலே ‘நர்ஸிங்’ என்ற சொல் பெரிதாகவும், ‘உதவியாளர்’ என்ற சொல் அதன் கீழே சிறிதாகவும் அச்சாகியிருக்கிறது. சிறிதாக இருக்கும் அந்தச் சொல்தான் உங்கள் மகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சிலில் பதிவு பெற வேண்டுமானால் இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்றாண்டு ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நர்ஸிங் படிப்புகளில் ஒன்றை முடித்திருக்க வேண்டும். ஓராண்டு உதவியாளர் படிப்பைக் கொண்டு அந்தப் பதிவைப் பெற முடியாது. பதிவு இல்லாமல் அரசு மருத்துவமனையின் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. இதை யாரும் சொல்லாததால், சான்றிதழை உறை போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு மூன்றாண்டுகள் தனியார் மருத்துவமனையில் உழைத்த பிறகு, “நான் நர்ஸ் இல்லையா சார்?” என்று என் முன்னால் அழுத பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்காக உதவியாளர் பணி தாழ்ந்தது என்று பொருளல்ல. படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், குளிப்பாட்டி உணவு ஊட்டுவதும், காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்து வைப்பதும் பழகிய கைகளுக்கே வரும். வீட்டில் முதியவரைப் பராமரிக்க இத்தகையவர்களைத் தேடும் குடும்பங்கள் ஏராளம். அந்த வேலையை அறிந்து விரும்பினால் மகள் தாராளமாகச் சேரட்டும். செவிலியர் ஆவதுதான் கனவென்றால், ஏ.என்.எம். படிப்புக்கு அறிவியல் பிரிவு கட்டாயமில்லை என்பதையும், இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி வணிகவியல் மாணவிகளும் அதில் சேரலாம் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஓராண்டு கூடுதலாகச் செலவிட்டாலும் அந்த வழியே சரி என்பது என் கருத்து.

சமுதாயக் கல்லூரியிலேயே வேறு தொழிற்படிப்பைப் பார்ப்பதானால், அது பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் கொண்டுவந்த திட்டத்தின்கீழ் ஒரு கல்லூரியோடு சேர்ந்து நடப்பதா என்று விசாரியுங்கள். அந்த முறையில் ஓராண்டு முடித்தால் டிப்ளமோ, இரண்டாண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ என்று படிப்படியாக ஏறலாம். பி.வோக். என்ற மூன்றாண்டுத் தொழிற்கல்விப் பட்டத்துக்கும் அதிலிருந்து வழி உண்டு. குடும்பச் சூழ்நிலையால் ஓராண்டில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

மகனைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். ஒரே பாடம் என்பதால் முதலில் துணைத் தேர்வு எழுதட்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றால் ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏசி தொழில்நுட்பப் பிரிவில் இரண்டாண்டு படிக்கலாம். அதன்பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பும் உண்டு. தேர்ச்சி தள்ளிப்போனாலும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தகுதியே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள்.

அப்படியும் அந்தக் கல்லூரியின் ஏசி படிப்பே வேண்டும் என்று அவர் விரும்பினால், வேலை நாளில் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பயிற்சி அறையைப் பாருங்கள். கம்ப்ரெஸரின் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, செப்புக் குழாய்களில் மாணவர்கள் பற்றவைத்துப் பழகிய கறை தெரிகிறதா, கேஸ் நிரப்பும்போது அழுத்தம் காட்டும் கேஜின் ரப்பர் குழாய் தேய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாம் புதுக் கருக்குக் கலையாமல் பளபளவென்று இருந்தால், அங்கே பாடம் கரும்பலகையில்தான் நடக்கிறது.

எந்தப் படிப்பானாலும் சான்றிதழ் தரும் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் எது, நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில் அல்லது பட்டறையில் எத்தனை வாரம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று வாயால் சொல்பவர்கள் அதையும் எழுதிக் கையொப்பமிடட்டும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று மானியக் குழு கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே மதிப்பெண் பட்டியலின் நகலை மட்டும் கொடுங்கள்.

அவர்கள் எழுதித் தருவதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். மகளையும் தவறாமல் அழைத்து வாருங்கள். இதுவரை உங்கள் விருப்பத்தையும் நோட்டீஸில் இருப்பதையும் தெரிந்துகொண்டேன். அவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாயால் இன்னும் கேட்கவில்லை.